பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தனிக் கட்டடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலாக இருப்பதே திங்கட்கிழமை பள்ளிக்கூடம். காலைப் பூசை முடிந்து சனம் கலைந்ததும் உபதேசியார் பீடத்துக்கு முன்னால் தொங்கும் நீலத் திரையை இழுத்து மூடுவார். மூலையில் சாத்தியிருக்கும் கரும்பலகையைத் தூக்கி வந்து திரைக்கு முன்னால் நிறுத்துவார். பிரம்பைக் கையில் எடுப்பார். அவ்வளவுதான், உபதேசியார் வாத்தியாராகிவிட்டார். சற்றுமுன் செபத்தில் உருகிய அதே குரல் எங்கள் காதைத் துளைக்கத் தொடங்கும். திரைக்குப் பின்னால் ஆண்டவர் இருக்கிறார், சத்தம் போடக் கூடாது என்று எங்களுக்கு அடிக்கடி சொல்வார். அந்தச் சட்டம் அவருக்கு மட்டும் கிடையாது.

சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. டிராம் ஓடினால் என்ன, சிராங்கூன் சாலைப் பக்கம் எருமைக் கொட்டில்களும் இருக்கத்தான் செய்தன. காற்று திரும்பினால் சாணி வாடை உள்ளே வந்து சாம்பிராணிப் புகையோடு கலந்துவிடும். இப்போது குவீன்ஸ்டவுன் மாடி வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் பேரப்பிள்ளைகள் போகும் பள்ளியில் ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நாற்காலி. அதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நாற்காலிக்காக அவர்கள் யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை. அந்தச் சுகம் அவர்களுக்குத் தெரியாது.

கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். ஆண்கள் பக்கம் பெஞ்சு, பெண்கள் பக்கம் பாய். பெஞ்சுகளை வாங்கிக் கொடுத்தவர் தேக்காவில் மாட்டுவண்டிக் குத்தகை எடுத்திருந்த ஒரு பெரியவர். துறைமுகத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வரும் வண்டிகளில் பாதி அவருடையவை. கோயில் காரியம் எதுவானாலும் அவர் தலையசைத்தால்தான் நடக்கும். பெஞ்சைக் கொடுக்கும்போதே, ஆண்கள் உட்காரும் பெஞ்சில் பெண் உட்காரக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விதி அப்படியே வார நாட்களுக்கும் வந்து சேர்ந்தது. எட்டு ஒன்பது வயதுப் பெண் பிள்ளைகள் உட்கார்ந்தால் பெஞ்சுக்கு என்ன ஆகிவிடும் என்று நான் என் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அம்மா சிரித்துவிட்டு, வாயை அடக்கு என்றாள்.

அதனால் வகுப்பு இப்படி நடந்தது. பையன்கள் ஒரு பெஞ்சில் உட்காருவார்கள். அவர்களுக்கு முன்னால் இன்னொரு பெஞ்சு மேசையாகக் கிடக்கும். அதன்மேல் வாசகப் புத்தகம் விரித்திருக்கும். வகுப்புக்கே ஒரு புத்தகம்தான். அதுவும் கப்பலேறி ஊரிலிருந்து வர வேண்டும். பெண் பிள்ளைகள் பையன்களுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது, பின்னால் உட்கார்ந்தால் புத்தகம் தெரியாது. ஆகவே நாங்கள் அந்த மேசைப் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம், தரையில், பையன்களைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். கரும்பலகை எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்த்தால் பிரம்பு பேசும். சிலேட்டு பையன்களுக்கு மட்டும். பெண் பிள்ளைகள் செபப் புத்தகம் வாசிக்கப் பழகினால் போதும், எழுதப் பழகினால் யாருக்காவது கடிதம் எழுதிவிடுவார்கள் என்று குத்தகைக்காரர் கவலைப்பட்டார்.

புத்தகம் பையன்கள் பக்கம் பார்த்திருக்கும். எங்கள் தாடை பெஞ்சின் விளிம்பில் இடிக்கும். நாங்கள் அங்கிருந்தே வாசித்தோம். முதல் வரி எங்கள் மூக்குக்கு அருகில் இருக்கும், கடைசி வரி பையன்களின் மடிக்குப் பக்கத்தில். வரி வலப்பக்கம் கிளம்பி இடப்பக்கம் போகும். 'ப' என்ற எழுத்து எங்களுக்கு மேலே மூடி, கீழே திறந்திருக்கும். யாராவது சொன்னால்தானே அது தலைகீழ் என்று தெரியும்? யாரும் சொல்லவில்லை. வாத்தியார் "அடுத்து நீ" என்பார், நாங்கள் இருந்த இடத்திலிருந்தே கடகடவென்று வாசிப்போம். தப்பில்லாமல் வாசித்தால் அவருக்கு வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு சங்கதி மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் நடந்தால், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி ஒருவரின் துணிக்கடை வரும். அங்கே தமிழில் பலகை மாட்டியிருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் நின்று நின்று பார்ப்பேன், ஓர் எழுத்துகூடப் பிடிபடாது. அவர் அரபி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழ் என்று ஊரை ஏமாற்றுகிறார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் வேறு புத்தகம் கிடையாது, வாசிக்கத் தெரிந்தவரும் கிடையாது. என்னைத் திருத்த யார் இருந்தார்கள்?

அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாக் குசினியில் சமையல் வேலை பார்த்தார். அந்த வருஷம் துரைசானிக்குக் குழந்தை பிறந்தது. தொட்டில் ஆட்டவும் தள்ளுவண்டி தள்ளவும் சின்னப் பெண் ஒருத்தி வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். அப்பா என்னைக் கொண்டுவந்து விடுவதாக ஏறக்குறைய வாக்குக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பங்களாவில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்பதுதான் அவர் கண்ட நியாயம். எனக்குத்தான் நெஞ்சு பற்றி எரிந்தது. வாசிப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஊமையாகக் கிடக்கும் காகிதம் என் வாயில் பேசுவது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை விட்டுவிட்டு இன்னொருத்தி பிள்ளையை ஆட்டிக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை.

அதே சமயம் குத்தகைக்காரரும் கோயிலில் பேச்சை எடுத்துவிட்டார். பெண் பிள்ளைகளுக்கு இத்தனை நாள் படித்தது போதும், இனி ஞாயிற்றுக்கிழமை ஞானப்பாடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். எங்கள் கோயில் சாமியார் பிரான்சு தேசத்துக்காரர். புதுச்சேரியில் பல வருஷம் இருந்து தமிழ் படித்தவர், பேசினால் அச்சிட்டது போலப் பேசுவார். அவர் குத்தகைக்காரரோடு சண்டை போடவில்லை. வருஷப் பரீட்சைக்கு அரசாங்கத்திலிருந்து அதிகாரி வருகிறார், அவர் முன்னால் பெண் பிள்ளை ஒருத்தி வாசித்துக் காட்டட்டும் என்றார். வாசித்தால் பெண் பிள்ளைகள் எல்லோரும் பள்ளியில் இருப்பார்கள், வாசிக்காவிட்டால் ஞானப்பாடத்தோடு சரி. குத்தகைக்காரர் மீசையை நீவிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

வாசிக்க என்னைத்தான் நிறுத்தினார்கள். என்னைவிடக் கெட்டிக்காரிகள் இருந்தார்கள். என்னைவிடச் சத்தமாக வாசிக்க ஒருத்தியும் இல்லை.

வீட்டில் அம்மா அப்பாவிடம், பரீட்சை முடியட்டும், அதுவரை துரைசானியைப் பொறுக்கச் சொல்லுங்கள் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வாசிச்சுக் காட்டுனா பள்ளிக்கூடம், இல்லன்னா தொட்டிலு. அப்புறம் எங்கிட்ட வந்து அழுவாத" என்றாள். சொல்லிவிட்டு அம்மியில் மிளகாயை அப்படி அரைத்தாள், அந்தக் குழம்பை எங்களால் வாயில் வைக்க முடியவில்லை.

பரீட்சை அன்று அம்மாமார்கள் எல்லோரும் முக்காடு போட்டுக்கொண்டு கோயிலின் பக்கச் சன்னல்களில் வந்து நின்றுவிட்டார்கள். அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி. திரைக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் சாமியார், மறுபக்கம் குத்தகைக்காரர். வாத்தியாரின் கையில் அன்று பிரம்பு இல்லை, அதனால் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பிசைந்துகொண்டிருந்தார். பையன்கள் ஒவ்வொருவராக வந்து வாசித்தார்கள். சிலர் முக்கினார்கள், ஒருவன் அழுதான், மற்றபடி ஒப்பேற்றிவிட்டார்கள்.

என் முறை வந்தது. நிமிர்ந்து நடந்து போய் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். அதிகாரி புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தை விரித்து, எனக்கு நேராகத் திருப்பிக் கையில் கொடுத்தார். புத்தகத்தை என் கையில் வாங்கியது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

"எங்க, வாசியும் பாப்பம்."

பார்த்தேன். ஓர் எழுத்துகூட எனக்குத் தெரிந்த எழுத்தாக இல்லை. துணிக்கடைப் பலகையில் இருந்த அதே அரபி. புத்தகத்தை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். அட்டையைப் பார்த்தேன், எங்கள் புத்தகம்தான், மூலையில் எண்ணெய்க் கறைகூட இருந்தது. வாத்தியாரைப் பார்த்தேன், அவர் என்னைவிட மோசமாக விழித்துக்கொண்டிருந்தார். நேற்றுவரை கிளி மாதிரி வாசித்தவள் இன்று கல்லாக நிற்கிறாளே என்று அவருக்குப் புரியவில்லை. சன்னலில் அம்மாவின் முக்காடு தெரிந்தது. முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

குத்தகைக்காரர் தொண்டையைச் செருமினார். வெறும் செருமல்தான், ஆனால் அதில் ஒரு பிரசங்கமே இருந்தது.

"தெரியாதெண்டால் தெரியாது எண்டு சொல்லும் பிள்ளை. பயப்பிடாதையும்" என்றார் அதிகாரி. நல்ல மனுஷர். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கவாவது உதவலாம் என்று நினைத்தாரோ என்னவோ, புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கித் தன் முன்னால் மேசையில் வைத்து, முதல் சொல்லில் விரலை வைத்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். புத்தகம் அவரைப் பார்த்துக் கிடந்தது. கண்ணை மூடித் திறந்தது போல இருந்தது, அரபி எல்லாம் தமிழாகிவிட்டது. அவருடைய விரல் முதல் சொல்லைத் தாண்டுவதற்குள் நான் பத்தியின் பாதிக்குப் போய்விட்டேன். அவர் விரலை எடுத்துவிட்டார். பக்கம் முடிந்தது. நானாகவே கையை நீட்டி அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், அதையும் முடித்தேன். சன்னல் பக்கம் யாரோ சேசுவே என்றார்கள்.

குத்தகைக்காரர் விடுவாரா? "அய்யா, இது மனப்பாடம். பையனுங்க கத்துறதக் கேட்டுக் கேட்டு உருப்போட்டிருக்கு. நேராக் குடுத்தப்ப முழிச்சுது, தலைகீழா வச்சதும் ஒப்பிக்குது. இதுலயே தெரியலயா?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் மனப்பாடம் செய்யவில்லை, வேறு எதையாவது கொடுங்கள், வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பெரியவர்கள் முன்னால் பெண் பிள்ளை அப்படிப் பேசுவதை அந்தக் கோயில் கேட்டதில்லை. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி தன் தோல் பையைத் திறந்து ஒரு தமிழ்ப் பத்திரிகையை எடுத்தார். அன்று காலை வாங்கியது, மடிப்புக்கூடக் கலையவில்லை. விரித்து என்னிடம் நேராகக் கொடுத்தார். நான் வாங்கிய கையோடு அதைத் தலைகீழாகத் திருப்பினேன். குத்தகைக்காரர் சிரித்தார். சன்னலிலும் சிலர் சிரித்தார்கள்.

கண்ணில் பட்ட இடத்தில் தொடங்கினேன். ஏதோ ஒரு கப்பல் வந்து சேர்ந்த செய்தி. அடுத்தது தலைவலித் தைல விளம்பரம். பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு தைலத்தின் பெருமையைக் கணீரென்று வாசித்தேன். சாமியார் தாடிக்குள் சிரிப்பது தெரிந்தது. அதற்கு அடுத்தது முனிசிபாலிட்டி அறிவிப்பு. கால்வாய்ப் பாலத்தின் அருகே மாடுகளை அவிழ்த்துவிட்டுச் சாலையை அடைத்து நிறுத்தப்படும் பார வண்டிகள் இனி பறிமுதல் செய்யப்படும் என்றும், வண்டிக்காரர் என்றில்லாமல் வண்டியின் சொந்தக்காரரே போலீஸ் கச்சேரிக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்றும் போட்டிருந்தது.

"எந்தப் பாலம்?" என்று ஒரு குரல் கேட்டது.

குத்தகைக்காரர்தான். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"எந்தப் பாலம்னு போட்டிருக்கு? என்னிக்கிலேர்ந்தாம்? பாப்பா, இன்னொரு தடவ படி. மெதுவாப் படி."

படித்தேன். மெதுவாக, சொல் சொல்லாக, அவர் காதில் ஏறும்படி படித்தேன். பறிமுதல் என்ற இடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்தினேன். அவர் விரலை மடக்கித் தன் வண்டிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று யோசிப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருவருக்குத்தான் தான் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு நேரமும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதெண்டு சொன்னீங்கள். இப்ப அந்தப் பிள்ளையிட்டத்தானே செய்தி கேக்கிறியள்" என்றார்.

கோயில் என்றும் பார்க்காமல் எல்லோரும் சிரித்தார்கள். சாமியார் சிரித்தார், பையன்கள் சிரித்தார்கள், வாத்தியார் பயந்துகொண்டே சிரித்தார். சன்னலில் நின்ற அம்மாமார்கள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். குத்தகைக்காரர் மெல்ல உட்கார்ந்தார். பிறகு, சொல்லத்தான் வேண்டும், அவரும் சிரித்துவிட்டார்.

ஏன் இப்படி வாசிக்கிறாய் என்று அதிகாரி விசாரித்தார். நான் எங்கள் இடத்தைக் காட்டினேன். அவர் எழுந்து வந்து, வெள்ளைக் கோட்டோடு தரையில், பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். புத்தகத்தைப் பையன்களுக்கு நேராக வைக்கச் சொல்லி, தானே அங்கிருந்து வாசித்துப் பார்த்தார். இரண்டு சொல்லுக்குள் தடுமாறிவிட்டார். மற்றப் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பத்திரிகையைக் கொடுத்தார். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். ஒருத்தி திக்கினாள், ஒருத்தி விழுங்கினாள், ஆனால் படித்தார்கள். இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் தமிழ் வாசிக்க வருகிறது என்று அதிகாரி எழுந்து நின்று சொன்னபோது என் உடம்பு சிலிர்த்தது. இவர்களுக்குக் குறை படிப்பில் இல்லை, உட்காரும் இடத்தில்தான் என்றும் சொன்னார்.

சாமியார் குத்தகைக்காரரின் பக்கம் திரும்பி, தன் அச்சுத் தமிழில், "பெரியவரே, இடப்பக்கத்துக்கும் ஒரு பெஞ்சு தேவைப்படுகிறது போலும்" என்றார். அடுத்த வாரமே அவருடைய மாட்டுவண்டி ஒன்று புதுப் பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றது. கால்வாய்ப் பாலத்தைத் தவிர்த்து வேறு வழியாகத்தான் வந்திருக்கும். புத்தகமும் ஒன்று கூடுதலாக வந்தது. பெஞ்சில் ஏறி உட்கார்ந்து புத்தகத்தை நேராக வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு பெரும்பாடு. மறுபடியும் அ, ஆ என்று தொடங்கினோம். பையன்கள் கேலி செய்தார்கள். நீங்கள் எங்கள் பக்கம் வந்து வாசித்துக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தத் துணிக்கடைப் பலகை தமிழ்தான் என்பதும் எனக்கு விளங்கியது. அந்த வியாபாரியை மனதுக்குள் மன்னித்தேன். பழைய வித்தையும் கைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் காப்பிக் கடையில் எதிரே இருப்பவர் மேசையில் பத்திரிகையை விரித்தால், அவர் முதல் பத்தியை முடிப்பதற்குள் நான் பக்கத்தையே முடித்துவிடுவேன்.

பரீட்சை நடந்த அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தபோது கோயிலில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பங்களாவிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டையில் வெங்காய வாசனை. துரைசானி இன்றும் கேட்டாள், நாளைக் காலையில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டுக்கொண்டே பாயில் உட்கார்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். மகனோ மகளோ, எங்கள் தெருவில் ஒரு குசினிக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி அதுவரை யாரும் சொல்லிக் கேட்டிராத ஒன்றை, குழம்பில் உப்புப் பார்த்துச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க. எம்புள்ளைக்கு நேரமில்ல, நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."